உயிரியல் பூங்காவின் விலங்குப் பராமரிப்பும் பழைய இருப்பிடங்களைச் சீரமைக்கும் நிதியும்: வடசென்னைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி பகுதிப் பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறை வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு அழைத்துச் செல்லும் சிறு குழுவில் நானும் ஒருவன். போய்வந்த மறுநாளிலிருந்து பிள்ளைகளும் பெற்றோரும் கேள்விகளோடு வருவார்கள். புலி ஏன் ஒரே இடத்தில் நடந்துகொண்டே இருந்தது, நாம் கொடுக்கும் நுழைவுக் கட்டணம் எங்கே போகிறது, பழைய கூண்டுகளை ஏன் மாற்றுவதில்லை என்று கேட்பார்கள். தெருவோரத்தில் நின்றபடி ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொன்ன பதில்களை முழுமையாக இங்கே எழுதி வைக்கிறேன்.

வண்டலூர் நகரின் தென்கோடியில் இருக்கிறது. அதைப் பற்றி வடசென்னையில் நாம் பேச என்ன இருக்கிறது?

அந்தப் பூங்கா நம் பக்கத்திலிருந்து போனதுதான். அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த எட்வர்டு பால்ஃபர் 1855-ல் எழும்பூரில் அதன் வளாகத்திலேயே விலங்குகளை வைத்துக் காட்டத் தொடங்கினார். 1860-களின் தொடக்கத்தில் அந்தத் தொகுப்பு பார்க் டவுனில் இருந்த பீப்பிள்ஸ் பார்க்கிற்கு வந்து மாநகராட்சியின் பொறுப்பில் நூறாண்டுகளுக்கும் மேல் இருந்தது. மூர் மார்க்கெட்டும் ரிப்பன் மாளிகையும் பிற்காலத்தில் எழுந்தது அந்தப் பெரிய தோட்டத்தின் நிலத்தில்தான். எங்கள் ஆயாவின் தலைமுறையினர் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் விலங்குப் பூங்காவை ‘உயிர் காலேஜ்’ என்றும் சொல்வார்கள். தங்கசாலையிலிருந்து நடந்தே உயிர் காலேஜுக்குப் போய், வேர்க்கடலைப் பொட்டலம் தீர்வதற்குள் எல்லாக் கூண்டுகளையும் பார்த்துவிட்டு வந்த கதையை ஆயா பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவு சிறிய இடத்தில் அத்தனை விலங்குகள் இருந்தன என்பது அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

இடம் போதாமல்தான் வண்டலூர்க் காட்டில் 1979-ல் வேலை தொடங்கியது. 1985 ஜூலை 24 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். புதிய பூங்காவைத் திறந்து வைத்தார். இரும்புக் கம்பிக்குப் பின்னால் நின்ற விலங்கு, அகழிக்கு அப்பால் மண்ணிலும் மரநிழலிலும் நடக்கத் தொடங்கியது. இந்த நகரம் தன் விலங்குகளுக்காகச் செய்த மிகப் பெரிய சீரமைப்பு அந்த இடமாற்றம்தான். அன்று புதிதாகக் கட்டியவை இன்று பழையவை ஆகிவிட்டன என்பதிலிருந்துதான் மற்ற கேள்விகள் எல்லாம் பிறக்கின்றன.

ஓர் இருப்பிடம் ‘பழையதாகிவிட்டது’ என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? சுவர் உறுதியாக நின்றால் போதாதா?

இருப்பிடத்துக்கு இரண்டு வகையில் வயதாகிறது. முதல் வகை நம் கண்ணுக்கே தெரியும். காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஜன்னல் கம்பி துருப்பிடிப்பதைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மேலே வண்ணம் பளிச்சென்று இருக்கும், உள்ளே இரும்பு பொரிந்து போயிருக்கும். பூங்காவிலும் வலைக்கம்பி தரையைத் தொடும் இடத்தில்தான், அதாவது கழுவும் நீரும் சிறுநீரும் தேங்கும் இடத்தில்தான், முதலில் இற்றுப்போகும். அகழிச் சுவரில் ஆலும் அரசும் வேர்விட்டால் சில மழைக்காலங்களில் விரிசல் விழும். நீர் அகழி கசிந்து மட்டம் இறங்கினால், தாண்ட முடியாது என்று கணக்கிட்ட தடுப்பு தாண்டக்கூடியதாகிவிடும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருந்திருந்தால், உரிந்து விழும் சில்லுகளைக் கொறிக்கும் விலங்கின் உடலில் அந்த நஞ்சு சேரும்.

இரண்டாவது வகை கட்டடத்தின் வயது அன்று, அதைக் கட்டியபோது இருந்த அறிவின் வயது. ஒரு காலத்தில் சிமென்ட் தரையே சிறந்தது என்று எல்லோரும் நம்பினார்கள். குழாயைத் திறந்து கழுவிவிடலாம், கிருமி தங்காது என்று எண்ணினார்கள். ஆண்டுக்கணக்கில் கடினத் தரையில் நிற்கும் யானைக்குப் பாதத்திலும் நகத்திலும் புண் வரும் என்பதும், கிளையின் பருமன் மாறாத ஒரே கம்பியில் உட்காரும் கழுகுக்கும் ஆந்தைக்கும் அடிப்பாதம் வீங்கிச் சீழ் பிடிக்கும் என்பதும் இன்று கால்நடை மருத்துவர்கள் அறிந்தவை. மரத்தின் உச்சியிலேயே வாழ்நாளைக் கழிக்கும் சோலைமந்திக்கு, அதாவது சிங்கவால் குரங்குக்கு, அகலமான தரையைவிட உயரமும் கயிறுகளும் ஒளிந்துகொள்ள இலைமறைவும் முக்கியம் என்பதும் அப்படித்தான். எனவே ஒரு சுவர் கல்லைப்போல் உறுதியாக நின்றுகொண்டிருக்கும்போதே அந்த இருப்பிடம் பழையதாகிவிடலாம்.

பணம் குறைவாக இருந்தால் எதை முதலில் சீரமைக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். நாம் நின்று பார்க்காத பகுதியைத்தான் முதலில் சீரமைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பூங்கா காலை 9 மணியளவில் திறந்து மாலை 5 மணியளவில் மூடுகிறது. அந்த நேரத்தில்தான் பெரும்பாலான பெரிய விலங்குகள் திறந்த வெளியில் இருக்கும். பிறகு அவை பின்புறம் உள்ள இரவுக் கொட்டடிக்குள் வருகின்றன. ‘நைட் ஷெல்டர்’ என்றுதான் அங்கே வேலை செய்பவர்கள் சொல்வார்கள். ஆக, ஒரு புலியோ கரடியோ ஒரு நாளின் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 16 மணி நேரத்தைக் கழிப்பது நாம் ஒருபோதும் பார்க்காத அந்த அறையில்தான். வாராந்திர விடுமுறையிலும், மழைக்காலத்திலும், நோயுற்ற நாள்களிலும் அது இன்னும் கூடலாம். தரை ஈரமாக இருக்கிறதா, காற்று ஓடுகிறதா, படுக்க உயர்ந்த மரப்பலகை இருக்கிறதா, பக்கத்து அறையில் உள்ள விலங்கின் முகத்தைப் பார்க்காமல் தூங்க ஒரு மறைப்புச் சுவர் இருக்கிறதா என்பவையே அதன் வாழ்க்கையின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன.

பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு ஊரின் சிறிய பூங்காவில் எனக்குத் தெரிந்த ஒருவர் வழியாகப் பின்புறம் செல்ல அனுமதி கிடைத்தது. முன்புறச் சுவரில் அருவியும் காடுமாக ஆள் உயரத்துக்கு அழகான ஓவியம் தீட்டியிருந்தார்கள். வண்ணத்தின் வாடைகூட இன்னும் போகவில்லை. பின்புறக் கொட்டடியில் ஒரு கரடி உட்கார்ந்து தன் பின்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. தரையின் சரிவு வடிகாலை நோக்கி இல்லாமல் மூலையை நோக்கி இருந்ததால், கழுவிய நீர் அங்கேயே நின்றது. வடிகாலின் வாயை உதிர்ந்த முடியும் தர்ப்பூசணித் தோலும் அடைத்திருந்தன. கரடியின் அடிப்பாதம் நீரில் ஊறிய துணியைப்போல் வெளிறி, நடுவில் இரண்டு இடங்களில் பிளந்திருந்தது. பராமரிப்பாளர் தன் கைக்காசில் வாங்கிய இரண்டு பலகைகளையும் ஒரு கோணிப்பையையும் மூலையில் போட்டிருந்தார். “சாமி, ராத்திரியானா இது மேலதான் படுக்குது” என்று அந்தப் பலகையைத் தட்டிக் காட்டினார். ஓவியத்துக்குச் செலவழித்த பணத்தில் தரையை உடைத்துச் சரிவை மாற்றியிருக்கலாம். அன்று முதல் எந்தப் பூங்காவில் புதிய இருப்பிடம் திறக்கிறார்கள் என்ற செய்தியைப் படித்தாலும், பின்னால் என்ன கட்டியிருக்கிறார்கள் என்று தேடுவதே என் வழக்கமாகிவிட்டது.

வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் மொட்டை மாடியில் பந்தயப் புறா வளர்ப்பவர்கள் இதை எளிதாகப் புரிந்துகொள்வார்கள். கூண்டின் முகப்பில் எவ்வளவு நல்ல வலை அடித்தாலும், எச்சம் காயாத தரையும் காற்றில்லாத மூலையும் இருந்தால் புறா ஒரு பருவம்கூடத் தாங்காது.

இரவுக் கொட்டடிக்கு அடுத்தபடியாக நான் சொல்வது கதவுகள். விலங்கை உள்ளே எடுக்கும் நகர்வுக் கதவைப் பராமரிப்பாளர் வெளியே பாதுகாப்பான பாதையில் நின்று கம்பிவடத்தாலோ நெம்புகோலாலோ இயக்குவார். தடம் துருப்பிடித்துக் கதவு பாதியில் நின்றுவிட்டால், அதைச் சரிசெய்ய மனிதன் விலங்கின் எட்டும் தூரத்துக்குப் போக வேண்டியிருக்கும். ஒன்று மூடிய பிறகே மற்றொன்று திறக்கும் இரட்டைக் கதவு அமைப்பு இல்லாத பழைய இருப்பிடங்களில் அதைச் சேர்ப்பது விலங்குக்கும் மனிதனுக்கும் ஒருசேர உயிர்க்காப்பு. மருத்துவத்துக்காக விலங்கை மெதுவாக ஒருபக்கம் நெருக்கி நிறுத்தும் கூண்டு இருந்தால், ஊசி போடவும் இரத்தம் எடுக்கவும் ஒவ்வொரு முறையும் மயக்க மருந்து செலுத்த வேண்டியதில்லை. வயதான விலங்குக்கு மயக்க மருந்தே ஆபத்தாகிவிடலாம் என்பதால் இது சிறிய வசதி அன்று.

அன்றாடப் பராமரிப்பில் என்னவெல்லாம் அடங்கும்?

காலையில் கொட்டடியைத் திறப்பதற்கு முன்பே பராமரிப்பாளர் விலங்கைப் பார்க்கிறார். முந்தைய நாள் உணவில் மிச்சம் உண்டா, சாணம் எப்படி இருக்கிறது, நடையில் நொண்டல் உண்டா என்று கவனிக்கிறார். காட்டு விலங்கு தன் நோயை இயன்றவரை மறைக்கும் இயல்புடையது. அதனால் பத்தாண்டுகளாக ஒரே விலங்கைப் பார்த்துவரும் ஒருவரின் “இன்னிக்கு இது சரியில்ல” என்ற ஒரு சொல் பல நேரங்களில் ஆய்வகத்தை முந்திவிடும். பிறகு சுத்தம் செய்தல், உணவு, குடற்புழு நீக்கம், சாணப் பரிசோதனை, புதிதாக வந்த விலங்கைத் தனிமைப்படுத்தி வைத்தல், இறந்தால் உடற்கூறாய்வு என்று வேலை நீள்கிறது. ஊன் உண்ணும் விலங்குகளுக்கு வாரத்தில் ஒருநாள் உணவு கொடுக்காமல் விடுவது வழக்கம். அதைப் பட்டினி என்று பிள்ளைகள் பயப்பட வேண்டாம், காட்டில் புலிக்குத் தினமும் இரை கிடைப்பதில்லை.

உணவுக் கூடத்தையும் பழைய கட்டடங்களின் பட்டியலில் சேர்க்க வேண்டும். 2024 டிசம்பரில் நாக்பூரின் கோரேவாடா வனவிலங்கு மீட்பு மையத்தில் 3 புலிகளும் 1 சிறுத்தையும் பறவைக் காய்ச்சல் கிருமியால் இறந்தன. பெரிய பூனைகளுக்கு இந்தக் கிருமி இறைச்சி வழியாகவும் வரக்கூடும். இறைச்சியைச் சோதித்து வாங்கும் ஏற்பாடும், குளிர்ப்பதன வசதியும், பச்சை இறைச்சியும் பழமும் ஒரே மேசையில் வெட்டப்படாத இடவசதியும் ஆடம்பரச் செலவுகளாக எண்ணப்படக் கூடாது.

புலி ஒரே பாதையில் திரும்பத் திரும்ப நடந்துகொண்டிருந்தது. அதற்கு நோயா?

நேரடி நோய் என்று சொல்ல முடியாது. வேட்டையாடுவது, மோப்பம் பிடிப்பது, எல்லையைச் சுற்றி வருவது என்று இயற்கை அதற்குக் கொடுத்த வேலைகளைச் செய்ய வழியில்லாதபோது உடல் ஒரே அசைவைப் பிடித்துக்கொள்கிறது. யானை தலையை ஆட்டுவதும் கரடி கழுத்தைச் சுழற்றுவதும் பெரும்பாலும் இதே வகைதான். சில நேரங்களில் மாலை உணவு வரும் கதவருகே சற்று நேரம் மட்டும் நடப்பது வெறும் எதிர்பார்ப்பாகவும் இருக்கலாம். எந்த நேரத்தில், எவ்வளவு நேரம், எதைக் கண்டு நடக்கிறது என்று குறித்து வைத்தால்தான் இரண்டையும் பிரித்தறிய முடியும்.

இதற்கு மருந்து வேலை கொடுப்பதுதான். உணவை மரப்பொந்தில் ஒளித்து வைக்கலாம், கட்டையில் தேன் தடவலாம், மான் சாணத்தையோ வாசனைப் பொருளையோ புலியின் இடத்தில் வெவ்வேறு மூலைகளில் வைக்கலாம், ஏறிப் படுக்க மேடை கட்டலாம். மற்றச் சீரமைப்புகளோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆனால் அதைத் தினமும் மாற்றி மாற்றிச் செய்ய ஆள் வேண்டும். கட்டடத்துக்கு நிதி ஒதுக்கிவிட்டு ஆள் எண்ணிக்கையைக் கூட்டாமல் விட்டால், அழகிய புதிய இருப்பிடத்திலும் அந்தப் புலி நடந்துகொண்டேதான் இருக்கும்.

கத்திரி வெயிலுக்கும் அடைமழைக்கும் பழைய இருப்பிடங்கள் தாங்குகின்றனவா?

வெயிலுக்கு நீர்த் தெளிப்பான், கூரைமேல் ஓலையும் ஈரச்சாக்கும், தர்ப்பூசணி, உறைந்த பழக்கட்டி என்று ஆண்டுதோறும் செய்தித்தாளில் படம் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அவை நல்லவை, தேவையானவை. ஆனால் நிரந்தரத் தீர்வு நிழல்தான், நிழல் என்பது மரம். 2016 டிசம்பர் 12 அன்று வந்த வர்தா புயல் வண்டலூரில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. ஒரு சுவரை ஆறு மாதத்தில் கட்டிவிடலாம், ஒரு புளியமரத்தின் நிழலை எந்த ஒப்பந்தக்காரரும் ஆறு மாதத்தில் கட்டித்தர முடியாது. ஆகவே மரம் நடுவதும், நட்டதைத் தண்ணீர் ஊற்றிக் காப்பதும் சீரமைப்பு மதிப்பீட்டின் உள்ளேயே இருக்க வேண்டும்.

மழையைப் பொறுத்தவரை, வெள்ளம் வடியும்வரை கட்டில்மேல் உட்கார்ந்திருந்த வியாசர்பாடிக்காரர்களுக்கும் கொடுங்கையூர்க்காரர்களுக்கும் வடிகாலின் அருமை தெரியும். வண்டலூர்ப் பூங்காவுக்குள் ஓட்டேரி என்ற பெயரில் ஓர் ஏரியே இருக்கிறது. நம் ஓட்டேரியின் பெயரைப் பூங்காவில் கண்டதும் பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள். அதில் நீர் நிற்கும் ஆண்டுகளில் வலசைப் பறவைகள் தாமாகவே வந்து தங்கும். அந்த ஏரிக்கு நீர் வரும் வழியையும் அது நிரம்பினால் நீர் போகும் வழியையும் அடைத்துக்கொண்டு எந்தப் புதிய இருப்பிடமும் எழக் கூடாது.

2021-ல் சிங்கங்களுக்குக் கொரோனா வந்ததே, அதற்கும் கட்டடத்துக்கும் தொடர்பு உண்டா?

வண்டலூரில் நீலா என்ற 9 வயதுப் பெண் சிங்கம் 2021 ஜூன் 3 அன்று இறந்தது. மாதிரிகளைப் போபாலில் உள்ள விலங்கு நோய் ஆய்வு நிறுவனம் பரிசோதித்தபோது பல சிங்கங்களுக்குத் தொற்று உறுதியானது. அது டெல்டா வகை என்று மரபணு ஆய்வு காட்டியது. ஜூன் 16 அன்று 12 வயது ஆண் சிங்கம் ஒன்றும் இறந்தது. கட்டடத்தைக் குற்றம் சொல்ல நான் துணிய மாட்டேன். அந்த மாதங்களில் மனிதர்களையே காப்பாற்ற முடியாமல் நாம் தவித்தோம். ஆனாலும் ஒரு பாடம் இருக்கிறது. மனிதரும் விலங்கும் ஒரே காற்றைப் பகிரும் இடம் கொட்டடியின் பராமரிப்புப் பாதைதான். அந்தப் பாதை அகலமாகவும் காற்றோட்டமாகவும் இருப்பதும், நுழைவில் கால் நனைக்கும் கிருமிநாசினித் தொட்டி இருப்பதும், நோயுற்றதைத் தனியே வைக்க உபரி அறைகள் இருப்பதும் அடுத்த தொற்றுக்காக இன்றே செய்ய வேண்டிய செலவுகள்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது?

மாநில அரசின் ஒதுக்கீடு, மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் வழங்கும் உதவி, நுழைவுக் கட்டணமும் பேட்டரி வண்டி, வாகனம் நிறுத்துமிடம் போன்றவற்றின் வருவாயும், தத்தெடுப்புத் திட்டம், நிறுவனங்களின் நன்கொடை. மத்திய ஆணையம் 1992-ல் அமைக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதன் அங்கீகாரம் இல்லாமல் நாட்டில் எந்த உயிரியல் பூங்காவும் இயங்க முடியாது. வாரத்தில் ஒருநாளாவது பார்வையாளர்களுக்குப் பூங்காவை மூட வேண்டும் என்பதும் விதி. வண்டலூரில் அது செவ்வாய்க்கிழமை.

இந்தப் பணம் போகும் செலவுகளில் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். தீவனம், சம்பளம், மருந்து ஆகியவை நாள்தோறும் தவறாமல் ஆகும் செலவு. புதிய இருப்பிடம் ஒருமுறை ஆகும் பெருஞ்செலவு. திறப்பு விழா நடத்தக்கூடிய இரண்டாவதற்கு நிதி கிடைப்பது எளிது. கட்டி முடித்த பிறகு ஆண்டுதோறும் துருவைச் சுரண்டி வண்ணம் பூசவும், நீரேற்றும் மோட்டாரைப் பழுது பார்க்கவும், வலையை மாற்றவும் பணம் கேட்டால் தருபவர் குறைவு. நாற்பது ஆண்டு நிற்க வேண்டிய இருப்பிடம் பதினைந்து ஆண்டில் பாழாவது பெரும்பாலும் இதனால்தான். எந்தப் புதிய கட்டுமானத்துக்கும் ஒப்புதல் கொடுக்கும்போதே அதன் பராமரிப்புக்கான தொகையையும் தனியே எடுத்து வைக்க வேண்டும் என்பதைச் சட்டமாக்கினாலும் தகும் என்று நினைக்கிறேன்.

நுழைவுக் கட்டணத்தை உயர்த்திவிட்டால் போதாதா?

ராயபுரத்திலிருந்து ஐந்து பேர் கொண்ட குடும்பம் கிளம்பினால், கடற்கரை நிலையம் வந்து செங்கல்பட்டு மின்ரயில் ஏறி, வண்டலூரில் இறங்கி, உள்ளே போய், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலும் ஐஸும் வாங்கித் திரும்புவதற்குள் ஒருநாள் கூலி கரைந்துவிடும். கட்டணத்தைக் கூட்டினால் முதலில் வராமல் போவது இந்தக் குடும்பம்தான். பொதுப் பூங்கா என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது. பெரியவர்களுக்கான கட்டணம் காலத்துக்கேற்பச் சிறிது உயர்வதை நான் எதிர்க்கவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது தடையாகாமல் இருக்க வேண்டும்.

கட்டண வருவாயை மட்டும் நம்பியிருப்பது விலங்குகளுக்கும் ஆபத்து. 2020-ல் ஊரடங்கு வந்து வாயில்கள் மூடியபோது, பார்வையாளர் வருவாயைப் பெரிதும் சார்ந்திருந்த சென்னை முதலைப் பண்ணை பொதுமக்களிடம் உதவி கேட்க நேர்ந்தது. முதலைக்கு ஊரடங்கு தெரியாது, அதற்குப் பசிக்கும்.

விலங்கைத் தத்தெடுத்தால் அதை நாம் வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா? கூண்டு சீரமைப்புக்கு அந்தப் பணம் உதவுமா?

விலங்கு பூங்காவிலேயே இருக்கும். அதன் உணவுக்கும் பராமரிப்புக்கும் ஆகும் செலவின் ஒரு பகுதியைக் குறிப்பிட்ட காலத்துக்கு நாம் ஏற்றுக்கொள்கிறோம், அவ்வளவுதான். யானைக்கோ புலிக்கோ ஆண்டுத் தொகை பெரிது. பறவைகளுக்கும் சிறு விலங்குகளுக்கும் குறைவு. எங்கள் தெருவில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு பிறந்தநாள் விருந்தின் செலவை ஒரு பறவைக்குத் திருப்பிவிட்டோம். நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை உண்டு, ஆனால் புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு அது கிடைக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பணம் அன்றாடச் செலவுக்கானது, கட்டடத்துக்கானது அன்று. பிரபலமான சிங்கத்தையும் வெள்ளைப் புலியையும் தத்தெடுக்கப் பலர் இருக்கிறார்கள். நரியையும் புனுகுப்பூனையையும் ஆந்தையையும் கேட்டு வருபவர்கள் அரிது. உங்களுக்கு மனமிருந்தால் அவற்றைக் கேளுங்கள்.

வெள்ளைப் புலியைப் பார்க்கத்தானே கூட்டம் வருகிறது? அதற்கே நல்ல இருப்பிடம் கட்டினால் வருவாய் கூடும் அல்லவா?

இருக்கின்ற வெள்ளைப் புலிகளை மற்றப் புலிகளைப்போலவே நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் வெள்ளைப் புலி தனி இனம் அன்று. நிறத்தை மாற்றும் ஒரு மரபணு வேறுபாடுதான் அது. 1951-ல் ரீவா பகுதிக் காட்டில் பிடிபட்ட மோகன் என்ற ஒற்றைக் குட்டியின் வழியில்தான் இன்று உலகெங்கும் காட்டப்படும் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை பெருகின. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்ததால் மாறுகண் உள்ளிட்ட குறைகள் அவற்றில் காணப்படுகின்றன. இனத்தைக் காப்பதற்கான நிதி வரும்போது அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைமந்திக்குப் போவதே முறை. உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத அந்தக் குரங்குக்கு இங்குள்ள பூங்காக்கள் அளிக்கும் இனப்பெருக்க வசதி நாளை காட்டுக்கே உதவக்கூடும்.

மணலி, எண்ணூர்ப் பெரிய ஆலைகள் இதற்குப் பணம் தரலாமே?

சட்டப்படி தரலாம். 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் மதிப்போ விற்பனையோ இலாபமோ உள்ள நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. விலங்கு நலமும் உயிரினப் பாதுகாப்பும் அந்தப் பணிகளின் பட்டியலில் உள்ளன. அதே சட்டம், நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. விலங்குகள்மேல் எனக்கு எவ்வளவு அன்பு இருந்தாலும், எண்ணூரிலும் மணலியிலும் புகையைச் சுவாசிக்கும் மக்களுக்கும், கழிமுகத்தில் மீனும் இறாலும் இழந்த மீனவர்களுக்கும் உரிய பணத்தைப் பூங்காவுக்குத் திருப்பும்படி நான் கேட்க மாட்டேன். எண்ணூர்க் கழிமுகமும் உயிர்களின் இருப்பிடம்தான், அதுவும் சீரமைப்புக்குக் காத்திருக்கிறது.

வேலை நடக்கும்போது விலங்குகள் எங்கே இருக்கும்?

மாற்று இருப்பிடத்தில். பழையதை இடிப்பதற்கு முன்பே அது தயாராக இருக்க வேண்டும். துளையிடும் சத்தமும் அதிர்வும் பக்கத்து விலங்குகளையும் பாதிக்கும் என்பதால் இனப்பெருக்கக் காலத்தையும் குட்டி ஈன்ற நேரத்தையும் தவிர்த்து வேலையைப் பிரித்துச் செய்ய வேண்டும். முடிந்த பிறகும் ஓர் ஆணி, ஒரு கம்பித் துண்டு கிடக்காதபடி தரையைக் கையால் தடவிப் பார்த்த பின்பே விலங்கை விட வேண்டும். அதனால் ஓர் இருப்பிடம் ‘பராமரிப்புப் பணிக்காக மூடப்பட்டுள்ளது’ என்ற பலகையைக் கண்டால் பிள்ளைகளிடம் ஏமாற்றத்தைக் காட்டாமல், நல்ல செய்தி என்றே சொல்லிக் கொடுங்கள்.

எங்கள் வீட்டில் பச்சைக்கிளி இருக்கிறது. அதைப் பூங்காவிடம் கொடுக்கலாமா?

பச்சைக்கிளி சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட காட்டுப் பறவை, அதைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். நட்சத்திர ஆமைக்கும் இதுவே பொருந்தும். பூங்காவின் வாசலில் விட்டுவிட்டு வராதீர்கள், மாடியிலிருந்து பறக்கவிடவும் வேண்டாம். கூண்டில் வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது. வனத்துறையிடம் ஒப்படைப்பதே சரியான வழி.

பார்க்கப் போகும்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

எதையும் தின்னக் கொடுக்காதீர்கள், கல் எறியாதீர்கள், கத்தாதீர்கள். விலங்கைச் சீண்டுவதும், உணவு கொடுப்பதும், சத்தமிட்டுத் தொல்லை தருவதும், குப்பை போடுவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜே பிரிவு தடைசெய்தவை. சிப்ஸ் பொட்டலத்தின் பிளாஸ்டிக் உறை மானின் வயிற்றில் சிக்கினால் அது வெளியே வருவது அறுவை மேசையிலோ உடற்கூறாய்வு மேசையிலோதான்.

இன்னொன்றையும் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். நான்கரை மணிக்குக் கிளம்ப அவசரப்படாமல் ஏதாவது ஒரு பெரிய விலங்கின் முன் அமைதியாக நில்லுங்கள். பின்னால் கதவு நகரும் ஓசை கேட்கும். பராமரிப்பாளர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். விலங்கு தானாக எழுந்து, தயங்காமல், கதவை நோக்கி நடந்தால் உள்ளே இருக்கும் இடம் அதற்குப் பிடித்திருக்கிறது என்று பொருள். வாசலில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தால் அன்றைய தேதியையும் விலங்கின் பெயரையும் குறித்துக்கொண்டு, பூங்கா இயக்குநருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எங்கள் பிள்ளைகள் இதுவரை மூன்று கடிதங்கள் எழுதியிருக்கிறார்கள், ஒன்றுக்குப் பதிலும் வந்தது.